பத்தொன்பது என்று சொன்னவன்

நான் கையை நீட்டினேன். லாரி நின்றது.

சும்மா நிற்கவில்லை. துறைமுகப் பக்கமிருந்து கண்டெய்னரை ஏற்றிக்கொண்டு பெங்களூர் சாலையில் வருகிற நீள லாரி அது. வேலப்பன்சாவடி மேம்பாலத்துக்குக் கீழே காலை வெயில் தூண்களுக்கு நடுவே சாய்வாக விழுந்து, அதில் தூசி எழும்புவதா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் மிதந்துகொண்டிருந்தது. அந்தத் தூசிக்குள்ளிருந்து லாரி வந்தது. என்னோடு நின்ற போக்குவரத்துக் காவலர் டீ குடிக்கப் போயிருந்தார். சாலையைக் கடக்க ஒரு கூட்டம் ஓரமாகக் காத்திருந்தது. ஷேர் ஆட்டோவை நிறுத்துகிற மாதிரிதான் கையைத் தூக்கினேன். புஸ்ஸென்று காற்று விட்டு, மொத்த உடம்பையும் ஒரு தரம் குலுக்கிக்கொண்டு, லாரி என் உள்ளங்கைக்கு எதிரே நின்றது. அதற்குப் பின்னால் கார்கள், தண்ணி லாரி, கல்லூரி பஸ்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. எனக்கு முன்னால் சாலை திடீரென்று ஏரி மாதிரி விரிந்து காலியாகக் கிடந்தது. அதில் ஜனங்கள் நிதானமாக நடந்து போனார்கள். ஒரு அம்மாவின் தோளில் கிடந்த குழந்தை மட்டும் அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை என்னையே பார்த்துக்கொண்டு போனது.

போலீஸ் ஆகணும் என்று தோன்றியது அப்போதுதான்.

வேறு யாருக்குத் தோன்றியிருந்தாலும் அழகான எண்ணம். எனக்குத் தோன்றியதில்தான் சிக்கல். ஏனென்றால் நான் அங்கே நின்றதே தண்டனைக்காக. மேலே மாட்டியிருந்த பளபளக்கும் பச்சைச் சட்டை என்னைவிட இரண்டு சுற்றுப் பெரியது. நான் எப்போது ஓடுவேன் என்று அதற்குத் தெரியும் என்பதுபோல் தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. பூந்தமல்லி நீதிமன்றம் எனக்கும் என் கூட்டாளிகளுக்கும் அபராதம் போட்டு, கூடவே ஒரு வாரம் போக்குவரத்துக் காவலருக்கு உதவியாக நில்லுங்கள் என்று சொல்லியிருந்தது. அதாவது, தண்டனை பெற்ற ஒருவன் அந்தத் தண்டனைக்கு நடுவிலேயே போலீஸ் ஆக ஆசைப்பட்டுவிட்டான்.

எப்படி அங்கே வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு ஆவடியில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில். அப்பா அங்கே ஃபிட்டர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இத்தனை வருஷமாகியும் பேச்சில் உப்புக் காற்று போகவில்லை. எங்கள் வரிசையில் மதுரைக்காரர், நாகர்கோவில்காரர், வேலூர்காரர் என்று ஆளுக்கொரு தமிழ். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் நாலு ஜில்லா பேச்சும் ஒரே நேரத்தில் காதில் விழும். ஆனால் எனக்குப் பேச்சு கற்றுக்கொடுத்தது பஸ்தான். ஆவடியிலிருந்து பூந்தமல்லி, அங்கே மாறி வேலப்பன்சாவடியில் கல்லூரி. அந்த இரண்டாவது பஸ்ஸில்தான் நான் பிறந்தேன் என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அந்த பஸ்ஸுக்கு ஒரு ராஜா இருந்தான். ரூட்டு தல என்பார்கள். ஒரு கல்லூரிக்குப் போகிற ஒரு வழித்தடத்துப் பையன்களுக்கெல்லாம் மூத்தவன். யார் எங்கே நிற்பது, என்ன பாட்டு, எப்போது கையைத் தட்டுவது எல்லாம் அவன் சொல்வதுதான். எங்கள் தல மூன்றாம் வருஷம் படித்தான். நாங்கள் ஒருவரையொருவர் மச்சான் என்றே கூப்பிட்டோம். இங்கேயும் அவன் மச்சானாகவே இருக்கட்டும். அவன் பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கையால் ஒரு அடி போட்டால் நான் விரல் நுனியால் மூன்று அடி போடுவேன். கானா அப்படியே எழும்பும். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஆபீஸ்காரர்கள் எரிச்சலோடு திரும்பிப் பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களில் ஒருவருடைய செருப்பு தாளம் போட ஆரம்பிக்கும். அதைப் பார்க்கத்தான் நான் தினமும் கல்லூரிக்குப் போனேன் என்றால் அப்பா வருத்தப்படுவார்.

பஸ் டே என்று ஒன்று உண்டு. வருஷத்தில் ஒரு நாள் பையன்கள் தங்கள் பஸ்ஸுக்கு வாழைமரம் கட்டி, டிரைவருக்கும் கண்டக்டருக்கும் மாலை போட்டு, ஊர்வலமாகக் கல்லூரிக்குக் கூட்டிப் போவார்கள். தடை செய்தாயிற்று. தடை செய்ததால் இன்னும் ருசி. அன்று காலை பூந்தமல்லியில் மச்சான் என் தோளில் கை போட்டு எல்லார் முன்னாலும் சொன்னான், தனக்குப் பிறகு இந்த ரூட்டு இவனுக்குத்தான் என்று. முதல் வருஷப் பையன் எனக்கு! காலடியில் தரை கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறியது.

டிரைவருக்கு மாலை போட்டது நான்தான். மல்லியும் சம்பங்கியும் கலந்த கனமான மாலை. அவர் வேண்டாம் வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே குனிந்து கழுத்தைக் கொடுத்தார். அப்புறம் பஸ் நகர்ந்தது. நகர்ந்ததா, நாங்கள் நகர்த்தினோமா தெரியாது. கூரை மேல் பாதிப் பேர். நான் முன்பக்கம் பம்பர் மேல் ஏறி நின்று, கண்ணாடி ஓரத்தில் தாளம் போட்டேன். உள்ளே மாலைக்கு மேலே டிரைவரின் முகம் தெரிந்தது. அதில் சிரிப்பு எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை. அவர் கையை ஆட்டி ஏதோ சொன்னார். எனக்குப் பாட்டுதான் கேட்டது. நெடுஞ்சாலை நடுவில், என் கைக்குக் கீழே, கண்ணாடி மெதுவாக ஒரு சிலந்தி வலை மாதிரி விரிந்தது. சத்தமே வரவில்லை. பஸ் நின்றது. அதற்குப் பின்னால் ஊரே நின்றது.

மேம்பாலத்துக்குக் கீழே லாரி நின்றபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இதுதான். அன்றும் எனக்குப் பின்னால் எல்லாம் நின்றது. ஆனால் அன்று யாரும் எங்கேயும் போய்ச் சேரவில்லை.

காவல் நிலையத்தில் டிரைவர் புகார் கொடுக்க வந்தபோது மாலையைக் கழற்ற மறந்திருந்தார். கழுத்தில் மாலையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்து, உடைந்த கண்ணாடிக்கு டிப்போவில் தான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நாங்கள் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திச் சிரித்தோம். இப்போது அந்த மாலையை நினைத்தால் எனக்கு அந்தச் சிரிப்பு வருவதில்லை.

வழக்கு எழுதுகிற ரைட்டரின் மேசைக்கு எங்களை வரிசையாகக் கூப்பிட்டார்கள். பெயர், அப்பா பெயர், வயது. பதினெட்டு நிறையாதவர்களை இடது பக்கச் சுவரோரம் நிறுத்தினார்கள். அங்கே எங்கள் கூட்டத்துச் சின்னப் பையன்கள் இரண்டு பேர் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். ஒரு பெண் காவலர் அவர்களுக்கு பிஸ்கட் பொட்டலம் ஒன்றைப் பிரித்துக் கொடுத்து, அம்மா நம்பர் சொல்லு என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவன் அழுதுகொண்டே பிஸ்கட் தின்றான். வலது பக்க பெஞ்சில் பெரியவர்கள், கால் மேல் கால் போடாத குறையாக.

எனக்கு முன்னால் மச்சான். "பத்தொம்போது சார்" என்றான். அது உண்மை. பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

எனக்குப் பதினெட்டு ஆக இன்னும் சில மாதங்கள் இருந்தன. இடது பக்கம் பார்த்தேன்: பிஸ்கட். வலது பக்கம் பார்த்தேன்: மச்சான் எனக்காகக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டிருந்தான். நாளைக்கு ரூட்டைப் பிடிக்கப் போகிறவனை அம்மா வந்து கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போனால்?

"பத்தொம்போது."

ரைட்டர் தலையைத் தூக்கி என் மேலுதட்டைப் பார்த்தார். "மீசை இன்னும் வந்து சேரலையா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எழுதிக்கொண்டார். நான் போய் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினான். என் வாழ்க்கையிலேயே நான் அவ்வளவு பெருமையாக உட்கார்ந்த பெஞ்சு வேறு இல்லை.

நீதிமன்றமும் அப்படியே போயிற்று. சின்ன வழக்குதான், ஒத்துக்கொண்டால் அபராதத்தோடு போய்விடும், சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்று எங்கள் கல்லூரிச் சீனியர் ஒருவர் சொன்னார். ஒவ்வொருவராகக் குற்றத்தை ஒத்துக்கொண்டோம். எனக்கு அது மேடையில் பரிசு வாங்குகிற மாதிரி இருந்தது. அபராதத்தை ரூட்டே சேர்ந்து கட்டியது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். வீட்டுக்குத் தெரியாது. பிஸ்கட் தின்ற பையன்களை நாங்கள் மறந்தே போனோம்.

அதன் பிறகுதான் பச்சைச் சட்டை, மேம்பாலம், லாரி.

அந்த வாரத்தில் ஒருநாள் எங்கள் பஸ் வந்தது. புதுக் கண்ணாடி. உள்ளே அதே டிரைவர். நான் கை காட்டினேன், நிறுத்தினார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இன்னா தம்பி, இன்னிக்கி மால கீல ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. நான் கையை இறக்காமல் நின்றேன். இறக்கினால் முகத்தை மூட வேண்டியிருக்கும்.

அப்பாவுக்குத் தெரிந்த விதம் இன்னும் மோசம். தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்கிற ஒருவர், உங்க பையனுக்குப் போலீஸ்ல வேலை கிடைச்சிருச்சு போல, சொல்லவே இல்லையே என்று வாழ்த்துச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை அப்பா ஸ்கூட்டரில் வந்தார். எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஹெல்மெட் என்பதால் எனக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை. வண்டிகளை நிறுத்திக் கை காட்டினேன், ஜனங்களோடு ஜனமாகச் சாலையைக் கடந்து வந்தார். என் பக்கத்தில் வந்ததும்தான் ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கினார். அப்பா என் சட்டையின் நழுவிய தோளைச் சரி செய்தார்.

"நல்லாத்தாம்ல நிக்க" என்றார். "எதுக்கு நிக்கன்னு வீட்ல வந்து சொல்லு."

சொன்னேன். வழக்கையும் சொன்னேன், லாரியையும் சொன்னேன். அம்மா முதலாவதுக்கு அழுதாள். அப்பா இரண்டாவதுக்கு நிமிர்ந்தார். ஆனால் வயதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. அது ஒரு விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. வயது என்பது போகப்போகத் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன்.

மச்சானிடம் போலீஸ் ஆசையைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரிப்பான் என்று காத்திருந்தேன். அவன் சிரிக்கவில்லை. பானிபூரித் தட்டைக் கீழே வைத்தான்.

"எனுக்கும்தான் மச்சான். அன்னிக்கி அந்தச் சட்டைய கழட்டிக் குடுக்கவே மனசு வர்ல."

அதன் பிறகு இரண்டு வருஷம் நாங்கள் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ஓடினோம். விடிந்தும் விடியாத நேரம். தண்ணீர் மேல் பனி ஒரு வேட்டியைப் போல் விரிந்திருக்கும். நாங்கள் ஓட ஓட அது எங்களோடு நகர்வதாகத் தோன்றும். எங்கள் மூச்சே தாளம். யாராவது ஒருவன் கானாவை எடுப்பான், மூச்சு வாங்கிப் பாதியில் விட்டுவிடுவான், மற்றவன் தொடர்வான். மச்சான் பூந்தமல்லியிலிருந்து தன் மாமாவின் ஷேர் ஆட்டோவில் வருவான். போலீஸ் தேர்வில் கயிறு ஏற வேண்டும் என்பதால் அப்பா பூந்தமல்லி மார்க்கெட்டில் தேங்காய்நார்க் கயிறு வாங்கி வந்து குவார்ட்டர்ஸ் புளியமரத்தில் கட்டினார். உள்ளங்கை உரிந்தது. அந்த உரிந்த கையோடு தூங்கப் போவேன். கனவில் காலியான சாலைகளாக வரும். எல்லா வண்டிகளும் எங்கேயோ நின்றுகொண்டிருக்கும். யாரோ கடந்து போய்க்கொண்டிருப்பார்கள்.

கனவைக் கலைத்தது எங்கள் வரிசையில் குடியிருந்த வக்கீல் அக்கா. பூந்தமல்லி நீதிமன்றத்தில் தொழில் செய்கிறவர். ஒருநாள் பூசை முடிந்து வாசலில் நின்றபோது, கயிறெல்லாம் ஏறுறியே, ஏற்கெனவே தண்டனை இருக்குன்னு தெரியுமா என்று கேட்டார். அபராதம்தானே என்றேன். ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினால் அது தண்டனைதான் என்றார். நான்தான் குற்றவாளி என்று ஒரு நீதிமன்றம் முடிவு செய்திருக்கிறது. போலீஸ் தேர்வில் முதலில் வந்தாலும் வேலைக்கு முன் நடக்கும் விசாரணையில் அது குறுக்கே நிற்கும். விண்ணப்பத்தில் வழக்கே இல்லை என்று பொய்யாக எழுதினால் அதற்காகவே வெளியே போட்டுவிடுவார்கள்.

கோயில் மணியடித்தது. புறாக்கள் பறந்து மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தன. எல்லாம் வெகுதூரத்தில் நடப்பதுபோல் இருந்தது. வேப்பமரத்தடியில் எடுத்த அந்தப் படம் கண்முன் வந்தது. எவ்வளவு சந்தோஷமாக நிற்கிறோம்!

அக்கா கிளம்பப் போனவர் திரும்பினார். "ஆமா, அப்போ உனக்கு என்ன வயசு?"

விரல் விட்டு எண்ணினேன். அவரும் எண்ணினார். பிறகு நான் ரைட்டர் மேசைக் கதையைச் சொன்னேன். அக்கா கோயில் சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"டேய், நீ குழந்தைடா," என்றார். "சட்டப்படி குழந்தை. ஏன்டா பெரிய மனுஷன்னு சொன்ன?"

சட்டம் சொல்வது எளிமையானது என்று விளக்கினார். பதினெட்டு நிறையாதவன் செய்த தப்பை அவன் கழுத்தில் ஆயுசுக்கும் கட்டித் தொங்கவிடக் கூடாது. அவனை அந்த நீதிமன்றம் விசாரித்திருக்கவே கூடாது. இதை எப்போது வேண்டுமானாலும், வழக்கு முடிந்து வருஷங்கள் ஆன பிறகும், போய்ச் சொல்லலாம். செய்ய வேண்டியது ஒன்றுதான்: அன்று நான் சின்னப் பையன் என்று நிரூபிக்க வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். அரும்பு மீசை வந்து, தோள் அகன்று, மரத்தில் கயிறு ஏறுகிற ஒருவன், தான் குழந்தை என்று நீதிமன்றத்தில் போய் நிற்க வேண்டும். எதை மறைக்க நான் பத்தொன்பது என்றேனோ, அதையே இப்போது கைகூப்பிக் கேட்க வேண்டும். அம்மா பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு ஞானஸ்நானச் சான்றையும், ஞானஸ்நானத்தன்று எடுத்த கைக்குழந்தைப் படத்தையும் கொண்டுவந்து வைத்தாள். படத்தில் வெள்ளைச் சட்டையில் வாயைத் திறந்து கத்துகிறேன். பள்ளிச் சான்றே போதும் என்றார் அக்கா. இருந்தாலும் அம்மா படத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டே வந்தாள்.

மாதக் கணக்கில் இழுத்தது. அதே நீதிமன்றம், அதே வேப்பமரம். கடைசியில் ஒரு மத்தியானம், மின்விசிறி சுற்றுவதே தூக்கத்தில் போலிருந்த நேரத்தில், என் வழக்கு வந்தது. நீதிபதி சான்றிதழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அன்று ஏன் பத்தொன்பது என்று சொன்னாய் என்று கேட்டார்.

அக்கா எனக்குச் சில பதில்கள் சொல்லிக்கொடுத்திருந்தார். பயம், குழப்பம், போலீஸ் மிரட்டல் மாதிரி. அவற்றை விட்டுவிட்டு நடந்ததையே சொன்னேன்.

"சின்னப் பசங்களுக்கு பிஸ்கட் குடுத்தாங்க சார். எனக்கு பெஞ்சுல உக்காரணும்னு இருந்துச்சு."

அறை முழுக்கச் சிரிப்பு. நீதிபதி தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். அன்றைய தண்டனையை என் வரைக்கும் நீக்கி உத்தரவு வந்தது. வெளியே வந்ததும் மச்சான் காத்திருந்தான். கையில் ஒரு பிஸ்கட் பொட்டலம்.

"வா நைனா, கொழந்தைக்கு வாங்கியாந்தேன்."

சிரித்தோம். மரத்தடியில் உட்கார்ந்து தின்றோம். பாதிப் பொட்டலத்தில் சிரிப்பு நின்றது. இந்தக் கதவு அவனுக்கு இல்லை என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. அவன் அன்றைக்கு உண்மையிலேயே பத்தொன்பது. நான் கேட்காமலே சொன்னான்.

"நீ இன்னா பண்ணுவ? எங்கம்மா ரெண்டு வர்ஷம் லேட்டா பெத்திருக்கணும்."

இருந்தாலும் இருவரும் காவலர் தேர்வு எழுதினோம். இருவரும் எழுத்தில் தேறினோம். ஓட்டத்தில் அவன் என்னை முந்தினான், எப்போதும் முந்துவதுபோல. விண்ணப்பத்தில் வழக்கு உண்டா என்ற கேள்விக்கு இருவரும் ஆம் என்றே எழுதினோம். எனக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தது அக்கா. அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவனாகவே எழுதினான்.

விசாரணைக்கு ஒரு காவலர் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். வரிசையில் எல்லா வீட்டிலும் விசாரித்தார். நாகர்கோவில்காரர் வீட்டில் காபி, மதுரைக்காரர் வீட்டில் முறுக்கு. கடைசியாக எங்கள் வீடு. ஏற்கெனவே கேஸ் இருந்திருக்கே சார் என்று அப்பாவிடம் கேட்டார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இருந்திச்சி," என்றார் அப்பா. "அப்பம் அவன் சின்னப்புள்ள. கண்ணாடிய ஒடச்சான். பொறவு வேலப்பன்சாவடில ஒரு வாரம் நின்னான். நிக்கும்போ நான் ரோட்டக் கடந்தேன். பயமில்லாமத்தான் கடந்தேன்."

காவலர் அதை எழுதினாரா என்று தெரியாது. எனக்கு வேலைக்கான ஆணை வந்தது. மச்சானுக்கு வரவில்லை.

இதைப் பற்றி நான் நிறைய யோசித்துவிட்டேன். ஓடும்போது, பயிற்சி மைதானத்தில் வரிசையில் நிற்கும்போது, பூட்ஸுக்குப் பாலிஷ் போடும்போது. ஒரே மேசையில் இரண்டு பேர் ஒரே எண்ணைச் சொன்னோம். அவன் சொன்னது உண்மை, நான் சொன்னது பொய். பொய் சொன்னவன் போலீஸ். சட்டத்தில் தப்பில்லை, எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும்போது அந்தப் பக்கத்து முகம் தெரிந்துகொண்டேதான் இருக்கிறது. பயிற்சியில் போக்குவரத்துக் கைச்சைகை சொல்லிக்கொடுத்த நாள், எனக்கு மட்டும் கை தானாகச் சரியான உயரத்தில் போய் நின்றது. எங்கே கத்துக்கிட்டே என்று கேட்டார்கள். ரோட்டில் என்றேன்.

இப்போது ஆவடியில் ஆயுதப்படையில் இருக்கிறேன். காக்கி என் அளவில் இருக்கிறது, தோளிலிருந்து நழுவுவதில்லை. முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு பூந்தமல்லி பஸ்ஸில் ஏறினேன். பழக்கத்தில் கை ஜன்னல் தகரத்துக்குப் போனது, பாதியில் நிறுத்தினேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அதே டிரைவர்தானா என்று எனக்கு நிச்சயமில்லை. முடி நரைத்திருந்தது. இறங்கும்போது சல்யூட் அடிக்க வேண்டும்போல் இருந்தது. ஒருவேளை வேறு ஆளாக இருந்தால் என்று விட்டுவிட்டேன். இப்போது தோன்றுகிறது, வேறு ஆளாக இருந்தாலும் அடித்திருக்கலாம்.

திங்கட்கிழமை கல்லூரிகள் திறக்கின்றன. பூந்தமல்லி பஸ் நிலையத்தில் பாதுகாப்புக்கு எங்களை அனுப்புகிறார்கள். அன்று பையன்கள் மாலையோடு வருவார்கள் என்பது ஊருக்கே தெரியும். சில பேரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். மேசைக்கு எதிரே வரிசையில் நிற்பார்கள். அந்த மேசைக்குப் பக்கத்தில் நிற்க அனுமதி கேட்டிருக்கிறேன். ஒருவன் பத்தொன்பது என்று சொன்னால், அவனுடைய மேலுதட்டைப் பார்த்துச் சிரிக்காமல், இரண்டாம் தரம் கேட்பேன். உண்மையில் எத்தனை, வீட்டில் யாரிடம் கேட்கலாம், எந்தப் பள்ளி என்று கேட்பேன். அவன் என்னை முறைப்பான். முறைக்கட்டும்.

உண்மையாகவே பத்தொன்பது ஆனவனை என்ன செய்வது? அதற்குத்தான் எனக்கு வழி தெரியாமல் இருந்தது. மச்சானிடம் கேட்டேன். அவன் இப்போது தன் சொந்த ஷேர் ஆட்டோவை பூந்தமல்லி நிலைய வாசலில்தான் போடுகிறான்.

"மேசைக்கு வந்தப்புறம் இன்னாத்த கேக்கறது? பஸ்ஸு வர்றதுக்கு முன்னாடி வா. நானும் கீறேன்."

அதுதான் திட்டம். எங்கள் உதவி ஆய்வாளரிடம் சொன்னேன். பாட்டுப் பாடியா கூட்டத்தைக் கலைக்கப் போறே என்று கேட்டார். கலைக்க இல்லை சார், பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே பாடி முடிக்க வைக்க என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அரை மணி நேரம் தருகிறேன், அதற்கு மேல் கூட்டம் சாலையில் இறங்கினால் என் வழிதான், லத்திதான் என்றார்.

ஆகவே திங்கள் காலை, பஸ் வருவதற்கு முன்னால், மச்சான் தன் ஆட்டோவை நடைமேடை ஓரம் நிறுத்தி அதன் பக்கவாட்டுத் தகரத்தில் உள்ளங்கையால் ஒரு அடி போடப் போகிறான். பையன்கள் திரும்பிப் பார்ப்பார்களா, சிரித்துவிட்டுப் போவார்களா, தெரியாது. சீருடையில் இருப்பவன் விரல் நுனியால் மூன்று அடி போடலாமா என்பதும் எனக்குத் தெரியாது, யாரிடமும் கேட்கவில்லை. போட்டுப் பார்க்கப் போகிறேன்.